கடிதத்தில் சேராத கருத்து

விழுப்புரம்
11.1.2026

அன்புள்ள ஜெசிந்தா அக்காவுக்கு,

வணக்கம். நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றுபோகிறது, நீங்கள் எடுக்கவில்லை. நம் வட்டத்தில் எல்லாம் கடிதத்தில்தானே நடந்தது என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

வராகநதி எழுத்தாளர் வட்டத்துக்கு இந்த வருஷம் முப்பது வயது. ஒரு மாதம் விழுப்புரம், ஒரு மாதம் திண்டிவனம் என்று மாறி மாறிக் கூடியே முப்பது வருஷம் போய்விட்டது. மலர் போடுவதாக முடிவாகி, வரலாற்றுப் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாள் முழுக்கப் பத்திரம் எழுதுகிறவள்தானே, இதையும் எழுதட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஏப்ரலில் அச்சுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் காலத்துக் குறிப்பேடுகள் வந்துவிட்டன. நீங்கள் குறிப்பாளராக இருந்த 2003 முதல் 2014 வரைக்குமான மூன்று நோட்டுகள்தான் பாக்கி.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் நம் வழக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "கதை எழுதியவர் அந்த மாதக் கூட்டத்துக்கு வரக்கூடாது. கதையை வேறொருவர் படிப்பார். முகத்துக்கு அஞ்சாமல் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். குறிப்பாளர் அதை நோட்டில் எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அந்த வாரத்துக்குள் எழுதியவருக்குக் கடிதமாக அனுப்புவார். கூடத்தில் பேசியதை வேறு யாரும் வெளியே சொல்லக்கூடாது." யார் வரவில்லை என்று பார்த்தாலே யார் கதை என்று தெரிந்துவிடும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

நோட்டுகளைக் கேட்பதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. 2012 ஆகஸ்டில் என் "கோவிந்தம்மாளின் மனை" படிக்கப்பட்டது. அந்த வாரம் நீங்கள் அனுப்பிய கடிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. "நடை நன்று. முடிவு தெளிவில்லை. நடுப்பகுதியைச் சுருக்கலாம். பிழைகள் குறைவு." இதுதான் மொத்தமும். மூன்று வருஷம் சுமந்து எழுதிய கதை. அதற்குப் பிறகு நான் ஒரு கதையும் எழுதவில்லை. அன்றைக்குக் கூடத்தில் என் கதையைப் பற்றி உண்மையிலேயே அவ்வளவுதான் பேசினார்களா என்று அந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டால் எனக்குப் போதும்.

அன்புடன்
வெண்ணிலா

&nbsp;

திண்டிவனம்
19.1.2026

அன்புள்ள வெண்ணிலா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் எடுக்காததற்குக் காரணம், காதில் வைத்துப் பேசினால் தலை சுற்றுகிறது. டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

குறிப்பேடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முந்தின வருஷப் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது உங்களுக்கும் தெரியும். அலமாரியின் கீழ்த் தட்டு முழுக்க நனைந்தது. நோட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழியும். கிழிந்ததை வைத்து வரலாறு எழுத முடியாது.

நீங்கள் கேட்கும் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இருக்கப் போவதில்லை. முப்பத்தோரு வருஷம் சத்துணவுக் கூடத்துப் பதிவேடு எழுதியவள் நான். ஒரு முட்டை கூடக் குறைய வந்ததில்லை. கூடத்தில் சொன்னதைத்தான் எழுதினேன்.

வரலாற்றுப் பகுதியில் எனக்கு இரண்டு வரி ஒதுக்கியிருப்பதாக நம் வட்டத்துத் தாண்டவராயன் சொன்னார். "திருமதி ஜெசிந்தா குறிப்பாளராகப் பணியாற்றினார். கையெழுத்து அழகாக இருக்கும்." சந்தோஷம். பதினோரு வருஷம் மற்றவர்கள் பேசியதை உட்கார்ந்து எழுதியதற்கு இது போதும். 2016இல் என் தொகுப்பு வந்ததே, "வரிசையில் நின்றவர்கள்", அது வட்டத்தின் வரலாற்றில் சேராது போலிருக்கிறது. சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

இப்படிக்கு
ஜெசிந்தா

&nbsp;

விழுப்புரம்
27.1.2026

திருமதி ஜெசிந்தா அவர்களுக்கு,

புயல் வந்தது 2024 டிசம்பரில். போன ஜூனில் தலைவர் விருத்தாசலம் ஐயாவின் நினைவு நாளுக்கு நீங்கள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, அவர் கையெழுத்து இருந்த பக்கங்களை எல்லோருக்கும் காட்டினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அட்டை கூட மடங்கவில்லை. ஆறு மாதம் தண்ணீரில் ஊறியது நினைவு நாளுக்கு மட்டும் காய்ந்து வந்ததா?

போன வியாழக்கிழமை புதிய பேருந்து நிலையத்தில் தாண்டவராயன் அண்ணனைப் பார்த்தேன். உங்கள் நோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினோரு வருஷத்துல அந்தம்மா ஒரே ஒரு தபாதான் எழுந்து நின்னு பேசிச்சி. உன் கதை படிச்ச அன்னிக்குத்தான். இன்னா பேசிச்சின்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஆனா தலைவரு நோட்டைத் தன் பக்கம் இழுத்து அவரே எழுதிக்கினு இருந்தாரு. உனக்கு லெட்டர்ல வந்திருக்கும்னு நெனச்சேன்."

வரவில்லை. எனக்கு நான்கு வரிதான் வந்தது. நீங்கள் அன்றைக்கு என்ன பேசினீர்கள்? என் கதையை அவ்வளவு கேவலமாகவா பேசினீர்கள், கடிதத்தில் எழுதக்கூட முடியாத அளவுக்கு?

இரண்டு வரி பற்றிக் குத்திக் காட்டியிருந்தீர்கள். ஆமாம், வேண்டுமென்றே இரண்டு வரிதான் எழுதினேன். உங்கள் புத்தக வெளியீட்டு விழாவில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், தெரியுமா? உங்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது என்னால் உட்கார முடியவில்லை. வயிறு எரிந்தது. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். புத்தகத்தை மட்டும் வாங்கிவந்து, யார் கண்ணிலும் படாமல் புடவைகளுக்கு அடியில் வைத்து மூன்று தடவை படித்தேன். நான் நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் தொடங்கியதாகவே எனக்குப் பட்டது. அதற்குத்தான் அந்த இரண்டு வரி.

பிப்ரவரி 15க்குள் நோட்டுகள் வராவிட்டால், "குறிப்பாளர் குறிப்பேடுகளைத் தர மறுத்துவிட்டார்" என்று மலரில் எழுதுவேன். அதுவும் வரலாறுதான்.

வெண்ணிலா

&nbsp;

திண்டிவனம்
8.2.2026

வெண்ணிலா அவர்களுக்கு,

மூன்று நோட்டுகளையும் தாண்டவராயனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தண்ணீர் கதை பொய்தான். தண்ணீர் வந்தபோது அரிசி மூட்டையை விட்டுவிட்டு இந்த மூன்றையும்தான் முதலில் பரண்மேல் ஏற்றினேன்.

இரண்டாவது நோட்டு, பக்கம் 61. படித்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன்னால் நான் எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போலத்தான் இருக்கும்.

ஜெசிந்தா

&nbsp;

விழுப்புரம்
12.2.2026

ஜெசிந்தா அக்காவுக்கு,

தாண்டவராயன் அண்ணன் மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் ஒரு விடுதலைப் பத்திரத்துக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "செத்த நேரம் ஒக்காருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தேன்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கம் பக்கமாகப் பாராட்டு இருக்கும், அதை எல்லாம் நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன். அப்படி எதுவும் இல்லை. நடை நன்று என்றது அறிவுச்செல்வன். முடிவு தெளிவில்லை என்று இரண்டு பேர். நடுவில் சுருக்கலாம் என்றது தாண்டவராயன் அண்ணனேதான். உங்கள் கடிதத்தில் இருந்த நான்கும் நோட்டில் அப்படியே இருந்தன. பாதிப் பக்கம் வரைக்கும் படித்ததும் நோட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. என் கதைக்கு வட்டத்தில் நிஜமாகவே அவ்வளவுதான் மதிப்பு.

அதற்குக் கீழே தலைவரின் கையெழுத்து. நீங்கள் பார்த்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், என் கையால் ஒரு முறை எழுத வேண்டும்போல இருக்கிறது.

"குறிப்பாளர் ஜெசிந்தா பேச அனுமதி கேட்டார். குறிப்பாளர் கருத்துச் சொல்வது இதுவே முதல் முறை. அவர் கூறியது: கைரேகை வைத்துவிட்டு வெளியே வரும் கோவிந்தம்மாள் விரலில் உள்ள மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்கிறாள். மனை கைவிட்டுப் போனதற்காக அவள் அழவில்லை, சேலை கறையாகக்கூடாது என்பதில்தான் கவனமாக இருக்கிறாள். கதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. முடிவு தெளிவில்லை என்பவர்கள் அதைத் தாண்டி எதையோ தேடுகிறார்கள். நான்கு வருஷமாக நான் எழுத முயலும் கதை இது. இனி நான் எழுத வேண்டியதில்லை. இந்த வட்டத்தில் இதுவரை படித்த கதைகளில் இதுவே முதன்மையானது. — இக்கருத்தைக் கடிதத்தில் முதலாவதாகச் சேர்க்கவும். வி."

தலைவர் சேர்க்கவும் என்று எழுதிய பிறகும் நீங்கள் சேர்க்கவில்லை. கூடத்தில் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னதை எனக்கு எழுத உங்களுக்கு என்ன தடை? அந்த ஒரு கருத்து வந்திருந்தால் மற்ற நான்கையும் சிரித்துக்கொண்டே படித்திருப்பேன். பதிமூன்று வருஷம் அக்கா. கிரயம், பாகம், செட்டில்மெண்ட், விடுதலை என்று ஊரார் பத்திரத்தையே எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்னொரு சங்கடம். இந்தப் பக்கத்தை மலரில் போட்டால் நீங்கள் பெரிய மனசுக்காரியாகிவிடுவீர்கள். ஊரே புரிந்துகொள்ளாத கதையை ஒருத்தி மட்டும் புரிந்துகொண்டாள் என்று உங்களைத்தான் பேசுவார்கள். என் பீரோவில் இருக்கும் கடிதத்தையும் சேர்த்துப் போட்டால், நான்கு வரிக்குப் பயந்து பேனாவை மூடியவள் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வெண்ணிலா

&nbsp;

திண்டிவனம்
23.2.2026

வெண்ணிலா,

இந்தக் கடிதத்தில் உன்னை "நீ" என்றுதான் எழுதப்போகிறேன். "நீங்கள்" போட்டால் நிஜம் வராது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் எதன்மேல் பொறாமை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெரிய வீட்டுப் பெண். கூட்டம் உங்கள் பக்கம் நடந்தால் உன் அப்பா மல்லாட்டை மூட்டையே அனுப்புவார், நாங்கள் கடலையை வேகவைத்துத் தின்றுகொண்டே கதை கேட்போம். கோவிந்தம்மாள்கள் உங்கள் நிலத்தில் களை எடுத்தவர்கள். எங்கள் வீட்டில் கோவிந்தம்மாள் என்பது என் அம்மா.

அம்மா பெயர் சவுரியம்மாள். வீட்டுமனைப் பட்டாவுக்கு அம்மா கைரேகை வைத்த அன்று நானும் கூட இருந்தேன். தாலுகா ஆபீஸ் படி இறங்கும்போது கட்டை விரலை நெற்றிக்கு மேலே வகிட்டில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டார். ஏன்மா என்றேன். "எண்ணெத் தலையில தேச்சா போயிடும்டி. சேலையில பட்டா போவாது" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர்கள் மாதா மாதம் பதிவேட்டில் ரேகை வைத்துவிட்டு என் மேஜைக்கு எதிரேயே தலையில் தேய்த்துக்கொண்டு போவார்கள். பார்த்துப் பார்த்து அது என் கண்ணில் படாமலே போய்விட்டது. நீ எங்கேயோ வரப்பில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்திருப்பாய். எழுதிவிட்டாய்.

அன்றைக்குக் கதையைப் படித்தது இசைவாணி. அந்த வரி வந்ததும் என் கை நின்றுவிட்டது. மற்றவர்கள் சுருக்கலாம், தெளிவில்லை என்று பேசுவதை எழுத எழுத எனக்குக் கோபம் வந்தது, என் அம்மாவைப் பேசுவது போல இருந்தது. அதனால்தான் எழுந்தேன். உனக்காக எழவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே கோபம் உன் பக்கம் திரும்பிவிட்டது. என் அம்மாவின் தலையை நீ எடுத்துக்கொண்டாய் என்று தோன்றியது. மூன்று முறை கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் என் கருத்து முழுதாக இருந்தது. இரண்டாவதில் ஒரு வரியாயிற்று. மூன்றாவதில் இல்லை. மூன்றாவதைத் தபாலில் போட்டேன். போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம். அடுத்த மாதம் நீ வருவாய், முகம் கொடுத்துப் பேசலாம் என்று இருந்தேன். நீ வரவே இல்லை.

ஆனால் ஒன்று, வெண்ணிலா. நீ நிறுத்தியதற்கு முழுப் பழியையும் நான் சுமக்க மாட்டேன். நான் என் கதைகளை இரண்டு தடவை வட்டத்துக்கு அனுப்பினேன். நான் வரக்கூடாத அந்த மாதங்களில் தாண்டவராயன்தான் குறிப்பாளர். "சுமார்" என்று பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பினார், இரண்டு தடவையும் அதே வார்த்தை. நான் விடவில்லை. உனக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டியிருந்தது. தட்டவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாய். எங்கள் வீடுகளில் அப்படிக் கோபித்துக்கொள்ள முடியாது, யாரும் வந்து சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்.

மலரில் இரண்டையும் போடு. பக்கத்தையும் போடு, கடிதத்தையும் போடு. நீ இவ்வளவு நாள் சும்மா இருந்ததற்கு ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் செய்ததற்கு என்னைக் காறித் துப்பட்டும்.

ஜெசிந்தா

&nbsp;

விழுப்புரம்
29.3.2026

அன்புள்ள ஜெசிந்தா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எதிர்த்து எழுதிய இரண்டு கடிதத்தையும் கிழித்துப்போட்டேன். கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாய் என்ற வரிதான் சுட்டது. பொய்யாக இருந்தால் சுட்டிருக்காது.

இன்னொன்றும் சுட்டது. கோவிந்தம்மாள் எங்கள் நிலத்து ஆள்தான். அவருடைய மனை எழுதிக் கொடுக்கப்பட்டது என் பெரியப்பா பெயருக்கு. கதையில் அதை நான் எழுதவில்லை, வாங்கியவர் யாரோ ஒருவர் என்று விட்டுவிட்டேன். முடிவு தெளிவில்லை என்று இரண்டு பேர் சொன்னது அதைத்தானோ என்று இப்போது நினைக்கிறேன்.

மலரில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போடுகிறேன். உங்களைப் பற்றிய இரண்டு வரி நான்கு பக்கமாகியிருக்கிறது. உங்கள் தொகுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம். வயிற்றெரிச்சலோடுதான் எழுதினேன், ஆனால் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

நோட்டைத் திருப்பிக் கட்டிவைத்த அன்று எழுத உட்கார்ந்தேன். ஆறு வாரத்தில் ஒரு கதை வந்திருக்கிறது. "வில்லங்கம்" என்று பெயர். வானூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் அஞ்சம்மாள். அண்ணன் தன் நிலத்தை விற்றுவிடுவானோ என்று மாதா மாதம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வருகிறாள். இப்படி ஒருத்தி நிஜமாகவே என் மேஜைக்கு வருவாள்.

வட்டத்துக்கு அனுப்பவில்லை. உங்களுக்கு மட்டும் இதோடு வைத்திருக்கிறேன். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள். நான்கு வரி போதும். ஆனால் உங்கள் கருத்தாக இருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அடுத்த கதையை எழுதுவேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்
வெண்ணிலா

&nbsp;

திண்டிவனம்
4.4.2026, சனிக்கிழமை

வெண்ணிலா,

கதை நேற்று முன்தினம் வந்தது. இதுவரை இரண்டு முறை படித்தாயிற்று.

மோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். பதிமூன்று வருஷம் எழுதாத கை, எங்கேயாவது தடுமாறும், ஆறுதலாக இரண்டு வார்த்தை எழுதி நல்லவளாகிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதல் பக்கத்தில் பத்திர ஆபீஸ் விவரம் அதிகம். அங்கே எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடு, கதைக்கு அது வேண்டாம்.

அதற்குப் பிறகு குறை சொல்ல எனக்குப் பிடி கிடைக்கவில்லை. கடைசி மாதம் அஞ்சம்மாள் சான்றை வாங்கிப் பார்க்கிறாள். வில்லங்கம் எதுவும் இல்லை, அண்ணன் நிலத்தைத் தொடவே இல்லை. உடனே அவளுக்கு ஒரு ஏமாற்றம் வருகிறது. இத்தனை மாதம் சந்தேகப்பட்டது வீணாகிவிட்டதே என்று ஒரு நிமிஷம் முகம் வாடுகிறது. "நல்லாப் பாத்தீங்களாம்மா?" என்று உன்னிடமே திரும்பக் கேட்கிறாள். அந்த இடத்தில் தாள்களை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. இன்னும் இருபது வருஷம் உட்கார்ந்தாலும் தோன்றாது. "கோவிந்தம்மாளின் மனை"யைவிட இது நல்ல கதை.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அறுபத்தோரு வயதில் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. வயிறு எரிகிறது. நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலே உள்ள வரிகளில் எதைக் குறைக்கலாம் என்று கை இப்போதே தேடுகிறது. "நல்ல கதை" என்பதை "நல்ல முயற்சி" என்று மாற்றினால் போதும், உனக்குத் தெரியவே தெரியாது.

தெருமுனைப் பெட்டியைப் பதினோரு மணிக்குத் திறப்பார்கள். இப்போது பத்தே முக்கால். இன்னொரு தடவை படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன், அதனால் படிக்காமலே ஒட்டப்போகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடிதான் இந்த வரியை எழுதுகிறேன்.

ஜெசிந்தா